குறட்டைக்கும் தூக்க மூச்சுத்தடைக்கும் வாய்க்கருவி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

குறட்டையை நிறுத்த வாயில் போட்டுக்கொள்ளும் கருவி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: தேடிப் பார்த்து, கண்ணில் பட்டதை வாங்கி, அன்று இரவே போட்டுக்கொண்டு படுத்துவிடுவது. சத்தம் குறைந்தால் பக்கத்தில் படுப்பவருக்கு நிம்மதி. அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. சத்தம் அடங்கின பிறகும் தொண்டைக்குள் மூச்சு நின்று நின்று போய்க்கொண்டிருக்கலாம். அது வெளியே யாருக்கும் கேட்காது. முன்பு குறட்டையாவது எச்சரித்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்துவது, கருவி போடுவதற்கு முன்னால் ஒரு தூக்கப் பரிசோதனை, கருவி வாயில் பழகி நின்ற பிறகு இன்னொரு தூக்கப் பரிசோதனை. நடுவில் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் இந்த இரண்டில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

கருவி என்ன செய்கிறது

தூங்கும்போது உடம்பில் மற்ற தசைகளோடு தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மென்அண்ணமும் (மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான பகுதி) பின்னால் சரிந்து மூச்சுப்பாதையைக் குறுக்குகின்றன. குறுகின வழியில் காற்று போகும்போது மென்அண்ணமும் உள்நாக்கும் படபடவென்று அதிர்வதுதான் குறட்டை. பாதை இன்னும் ஒட்டிக்கொண்டு, மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது மூச்சுத்தடை. ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறிப்போய் தூக்கத்தைக் கலைக்கிறது, ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறது. இது இரவு முழுக்க நடந்தாலும் காலையில் பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. களைப்பு மட்டும் இருக்கும்.

நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், முகவாய்க்கு நேர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே தாடையை முன்னால் இழுத்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டையின் பக்கச் சுவர்களும் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். மயக்கமடைந்தவருக்கு மூச்சு வர, முதலுதவி செய்பவர் தாடையை முன்னால் தூக்கிப் பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வாய்க்கருவி அதையே மென்மையாக, ராத்திரி முழுக்கச் செய்கிறது. மேல் பற்களில் ஒரு தகடு, கீழ்ப் பற்களில் ஒரு தகடு, கீழ்த்தாடை பின்னால் போகாதபடி இரண்டையும் இணைக்கும் ஓர் அமைப்பு. அவ்வளவுதான்.

இப்போதே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு பொய்யாகக் குறட்டை விடுங்கள். பிறகு கீழ்த்தாடையை முன்னே நீட்டி, கீழ்ப் பற்கள் மேல் பற்களுக்கு முன்னால் வரும்படி வைத்துக்கொண்டு அதே சத்தத்தை எழுப்ப முயலுங்கள். பலருக்குச் சத்தம் வராது, வந்தாலும் மெல்ல வரும். இது நோய் கண்டறியும் சோதனை இல்லை, கருவி உங்களுக்குப் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் புரிந்துவிடும்.

முதல் படி: தூக்கப் பரிசோதனை

பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, காலையில் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, மருந்து சாப்பிட்டும் இறங்காத ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொல்வது. இதில் சில இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அவர் அநேகமாக எப்வொர்த் கேள்வித்தாளை நீட்டுவார். டிவி பார்க்கும்போது, பயணத்தில், சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று 8 சூழ்நிலைகளில் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24. கூட்டினால் 10-க்கு மேல் வருகிறது என்றால் பகல் தூக்கம் இயல்பைவிட அதிகம். உண்மையைப் போடுங்கள். "நான் அப்படியெல்லாம் தூங்குவதில்லை" என்று சொல்பவர்தான் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார் என்று வீட்டார் சொல்வது வழக்கம், ஆகவே அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புவது நல்லது.

ஆனால் கேள்வித்தாள் சந்தேகத்தை மட்டும்தான் எழுப்பும். முடிவு சொல்வது பரிசோதனை. தூக்க ஆய்வகத்தில் ஒரு ராத்திரி தங்கிச் செய்யலாம். சிக்கல் இல்லாதவர்களுக்கு வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மார்பிலும் சின்னச் சின்ன உணரிகளை மாட்டிச் செய்வதும் உண்டு.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய எண் ஏஎச்ஐ. ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு நின்றதும் வெகுவாகக் குறைந்ததும் சேர்த்து எத்தனை தடவை என்பதுதான் அது. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. அப்புறம் ஆக்ஸிஜன் அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். மல்லாந்து படுத்தபோது ஒரு எண்ணும் ஒருக்களித்தபோது வேறு எண்ணும் கொடுத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். மூச்சு நிற்பது தொண்டை அடைப்பாலா, மூளையிலிருந்து மூச்சு விடச் சொல்லும் கட்டளை வராததாலா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கும். இரண்டாவது வகைக்கு வாய்க்கருவி சிகிச்சையே இல்லை. பரிசோதிக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு இது எப்படித் தெரியும்?

யாருக்குப் பொருந்தும்

மூச்சுத்தடை இல்லாத வெறும் குறட்டைக்கு வாய்க்கருவி நல்ல தேர்வு. லேசான, நடுத்தர மூச்சுத்தடைக்கும் பலருக்கு நன்றாக உதவுகிறது. கடுமையானது என்றால் மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றழுத்தம் கொடுக்கும் சி-பேப் இயந்திரம்தான் முதலில். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் கோலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்திய அந்த முறைதான் இன்றும் இதில் வலுவான சிகிச்சை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் பல் மருத்துவத் தூக்க அகாடமியும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், சி-பேப் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வேறு சிகிச்சை வேண்டும் என்பவர்களுக்கும் வாய்க்கருவியைப் பரிந்துரைக்கலாம் என்றுதான் சொல்கிறது. ஒன்றுமே இல்லாமல் விடுவதைவிட அது மேல்.

இரண்டையும் ஒப்பிட்டால், ஏஎச்ஐ எண்ணைக் குறைப்பதில் சி-பேப் முந்துகிறது. ஆனால் அதைப் பலர் பாதி ராத்திரியில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். வாய்க்கருவியை அதிக நேரம் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். அதனால் பகல் தூக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றில் கிடைக்கும் பலன் இரண்டிலும் ஏறக்குறைய நெருங்கி வந்துவிடுகிறது. அலமாரியில் கிடக்கும் இயந்திரம் யாருக்கும் மூச்சு கொடுக்காது. என்றாலும், ஆக்ஸிஜன் மிக மோசமாக இறங்குபவர்கள் "எனக்கு முகமூடி பிடிக்காது" என்பதை மட்டும் காரணமாக வைத்து வாய்க்கருவிக்குத் தாவுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முகமூடியின் வகையை, அளவை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

உடல் பருமன் குறைந்தவர்களுக்கும், மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சுத்தடை அதிகமாகிறவர்களுக்கும் வாய்க்கருவி கூடுதலாகப் பலிக்கிறது.

பல் டாக்டரிடம்

தூக்க டாக்டர் பரிந்துரைத்த பிறகு, தூக்கச் சிகிச்சையில் பயிற்சி உள்ள பல் டாக்டரைத் தேடுங்கள். எல்லாப் பல் டாக்டர்களும் இதைச் செய்வதில்லை. "எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், கருவி போட்ட பிறகு தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா" என்று நேராகவே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "தேவையில்லை" என்று பதில் வந்தால் வேறு டாக்டரைப் பார்ப்பது நல்லது.

அவர் பற்கள், ஈறு, தாடை மூட்டு மூன்றையும் பார்ப்பார். கருவி பற்களைத்தான் பிடித்துக்கொண்டு தாடையை இழுக்கிறது, ஆகவே மேலேயும் கீழேயும் உறுதியான பற்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். 8 பற்களாவது ஒவ்வொரு வரிசையிலும் இருப்பது நல்லது என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். ஆடுகிற பல், சீழ்பிடித்த ஈறு, பெரிய சொத்தை இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. பல்லுக்கு மேலுறை போடும் திட்டம் இருந்தால் அதையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். கருவி செய்த பிறகு பல்லின் வடிவம் மாறினால் கருவி உட்காராது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் கடுமையான வலி, பூட்டிக்கொள்வது போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது.

பற்களே இல்லாதவர்களுக்கு நாக்கைப் பிடித்து நிறுத்தும் வேறொரு கருவி இருக்கிறது. மென்மையான குமிழுக்குள் நாக்கு நுனியை விட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றினால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பழகுவது கஷ்டம், ஆனால் சிலருக்கு வேறு வழி இல்லை.

எந்த வகைக் கருவி

கடையில் கிடைப்பது வெந்நீரில் போட்டு மென்மையாக்கி, கடித்துப் பல் வடிவம் எடுத்துக்கொள்ளும் வகை. பருமனாக இருக்கும், இரவில் கழன்றுவிடும், தாடை எவ்வளவு முன்னால் வருகிறது என்பதைத் துல்லியமாக வைக்க முடியாது. அதில் பலன் இல்லாமல் போனால் "வாய்க்கருவியே எனக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், அது தப்பு. உங்கள் பற்களுக்கென்று அளவெடுத்து, தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தும் வசதியோடு செய்யும் இரட்டைத் தகடு வகைதான் மூச்சுத்தடைக்குச் சரியானது. பக்கவாட்டில் கம்பி வைத்தது, துடுப்பு போன்ற நீட்சி வைத்தது, முன்புறம் கொக்கி வைத்தது, நைலானில் மெல்லிசாகச் செய்தது என்று பல வடிவங்கள் உண்டு. எது உசத்தி என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நகர்த்த முடிகிறதா, பல்லில் இறுக்கமாக நிற்கிறதா, வாயைக் கொஞ்சம் அசைக்க விடுகிறதா, இந்த மூன்றும் இருந்தால் போதும். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லி உறுதியான வகையாகக் கேளுங்கள்.

அளவெடுப்பதும் பொருத்துவதும்

அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ பற்களின் வடிவத்தை எடுப்பார்கள். அப்புறம் தாடையை உங்களால் முடிந்த அளவு முன்னால் நீட்டச் சொல்லி, எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று அளப்பார்கள். தொடக்கத்தில் அந்த முழு அளவில் ஏறக்குறைய பாதியிலோ சற்று அதிகத்திலோ கருவியை வைப்பது வழக்கம்.

கருவியை வாங்கப் போகும் நாளில் அவசரப்படாதீர்கள். கண்ணாடி முன்னால் நீங்களே போட்டு, நீங்களே கழற்றிப் பாருங்கள். போடும்போது விரலால் அமுக்கி உட்கார வையுங்கள், கடித்து உட்கார வைத்தால் தகடு விரிசல் விடும். கழற்றும்போது இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் ஓரத்தில் விரல் நகத்தைக் கொடுத்து, இடது வலது மாறி மாறி மெல்ல நெம்புங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் வளையும். ஈறில் எங்காவது குத்தினாலோ ஒரே ஒரு பல் மட்டும் அழுந்தினாலோ அங்கேயே சொல்லித் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நாளே ராத்திரி முழுக்கப் போட்டுக்கொள்ளக் கட்டாயம் இல்லை. மாலையில் ஏதாவது படித்துக்கொண்டோ பார்த்துக்கொண்டோ ஒரு மணி நேரம் போட்டுப் பழகலாம். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வாய்க்குள் வந்தது உணவு என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. தலையணையில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மாறாக வாய் உலர்ந்துபோகும், அவர்களுக்கு மூக்கடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் இந்தச் சிகிச்சையே பாதி பலன்தான் தரும். பற்கள் இறுகுவது புதுச் செருப்பு கடிப்பது மாதிரி, சில நாட்களில் அடங்கிவிடும். அடங்காமல் தாடை மூட்டில் வலி தொடர்ந்தால் சகித்துக்கொண்டு போடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

புதிதாகப் போடுபவர்களை மிகவும் பயமுறுத்துவது காலை நேரத்துக் கடி. கருவியைக் கழற்றிவிட்டு வாயை மூடினால் முன்பற்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும், கடைவாய்ப் பற்கள் சேராது. நடுவில் காகிதத்தை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ராத்திரி முழுக்க முன்னாலேயே நின்றதால் தாடை உடனே திரும்பிப் போக மறுக்கிறது, அவ்வளவுதான். இதற்கென்று டாக்டர் ஒரு சின்னக் கடிவில்லை செய்து கொடுப்பார், உங்களுடைய பழைய கடி அதில் பதிந்திருக்கும். வெந்நீரில் குளித்துக்கொண்டோ காலை வேலைகளைச் செய்துகொண்டோ அதைக் கடைவாயில் வைத்து மெல்ல மெல்லக் கடித்துக்கொண்டிருந்தால் தாடை பின்னால் போய்ப் பழைய இடத்தில் உட்காரும். பற்கள் ஒன்றுசேரும் அந்தக் கணம் நன்றாகத் தெரியும். தினமும் செய்ய வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் பின்னால் கடி நிரந்தரமாக மாறும் அபாயம் அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே கருவியோடு கடிவில்லை தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக முன்னால்

பழகிய பிறகு தாடையை முன்னால் நகர்த்தத் தொடங்கலாம். சில கருவிகளில் சின்னச் சாவியால் திருகாணியைத் திருப்ப வேண்டும், சிலவற்றில் பட்டையையோ தகட்டையோ மாற்ற வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரைதான் நகர்த்துவார்கள். அந்த நிலையில் பல ராத்திரிகள் தூங்கிப் பார்த்துவிட்டு அடுத்த நகர்வு. எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் எழுதிக் கொடுத்தபடியே செய்யுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எந்த நிலை, எத்தனை மணி நேரம் போட்டிருந்தீர்கள், காலையில் எப்படி இருந்தது, பக்கத்தில் படுப்பவர் என்ன சொன்னார். செல்போனில் குறட்டையைப் பதிவுசெய்யும் செயலியும் உதவும், ஆனால் அது சத்தத்தை மட்டும்தான் கேட்கிறது என்பதை மறக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் இன்னும் நன்றாக இருக்கும்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு கட்டத்துக்கு மேல் பலன் கூடாது, வலிதான் கூடும்.

மறுபடியும் பரிசோதனை

அறிகுறிகள் குறைந்து, கருவியும் ஒரு நிலையில் நின்றதும் வாயில் கருவியோடு தூக்கப் பரிசோதனை. இதைச் செய்யத்தான் மக்களுக்கு மனம் வருவதில்லை. "நன்றாகத்தானே தூங்குகிறேன், எதற்கு?" என்பார்கள். ஏஎச்ஐ 22 இருந்த ஒருவருக்குக் குறட்டை முற்றிலும் நின்று, ஏஎச்ஐ மட்டும் 14-ல் நிற்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. அவருக்குத் தூக்கம் மேம்பட்டதாகவே தோன்றும், முன்பைவிட மேல்தானே. ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் 14 தடவை மூச்சு தடைபட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எண் 5-க்குக் கீழே வந்துவிட்டால் நல்லது. வரவில்லை என்றால் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னும் நகர்த்த இடம் இருக்கலாம். மல்லாந்து படுக்கும்போது மட்டும் மிச்சம் இருந்தால், ஒருக்களித்துப் படுக்கப் பழகுவதைச் சேர்த்துக்கொள்ளலாம். எடை குறைப்பதும் எண்ணில் தெரியும்: அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏஎச்ஐ சுமார் 26 சதவீதம் குறைந்தது, 10 சதவீதம் கூடியவர்களுக்குச் சுமார் 32 சதவீதம் கூடியது. படுக்கும் முன் மது, டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். இவையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் சி-பேப்புக்குப் போக வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். கருவி போட்டிருந்தால் சி-பேப்பில் குறைந்த அழுத்தமே போதும் என்பது சிலருக்குப் பெரிய ஆறுதல்.

எண் கட்டுக்குள் வரும்வரை, கண் சொக்குகிற நிலையில் வண்டி ஓட்டாதீர்கள். இதில் சமரசமே கிடையாது.

பராமரிப்பு

காலையில் கழற்றியதும் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷும் வாசனையில்லாத சோப்பும் வைத்துத் தேயுங்கள். பற்பசை வேண்டாம், கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், வடிவம் மாறிவிடும். காய்ந்த பிறகு காற்று போகும் பெட்டியில் வையுங்கள். நாய் வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கு நாய் கடித்துக் குதறிவிடும். இரவில் பல் தேய்த்துவிட்டுத்தான் கருவியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் உணவோடு பற்களை ராத்திரி முழுக்க மூடி வைத்ததாகிவிடும்.

ஆண்டுக் கணக்கில் போடும்போது பற்கள் மெல்ல நகரும். மேல் முன்பற்கள் சற்றுப் பின்னாலும் கீழ் முன்பற்கள் சற்று முன்னாலும் சாயும். பெரும்பாலும் போட்டுக்கொள்பவருக்கே தெரியாத அளவுதான், ஆனால் டாக்டர் பழைய அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கருவி 3 முதல் 5 வருடம் உழைக்கும். தளர்ந்தாலோ, குறட்டை திரும்ப வந்தாலோ, எடை கூடினாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் மூச்சுத்தடை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் அதற்குப் பின் கொடுக்கும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்தும். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலையும் கருவியையும் ஆஸ்பத்திரிப் பையில் எடுத்து வையுங்கள்.